ஃப்ரைபுர்க் கல்யாணத்துக்குப் போறோம், நடுவுல எங்கெல்லாம் போகலாம்? சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி கோயம்புத்தூர்லேர்ந்து ஒரு அம்மா அனுப்பியிருக்காங்க. அவங்க அக்கா பையனுக்கு ஜெர்மனியில ஃப்ரைபுர்க் பொண்ணோட கல்யாணம், செப்டம்பர் கடைசி சனிக்கிழமை. மொத்தம் 8 பேர் போறாங்க, அதுல ரெண்டு பேர் 70 வயசைத் தாண்டினவங்க. புதன்கிழமை ஃப்ராங்க்ஃபர்ட்ல இறங்கி, அடுத்த செவ்வாய்க்கிழமை கிளம்பணும். "மியூனிக், அந்த மலை மேல இருக்கிற அரண்மனை எல்லாம் பார்த்துட்டு வந்துடலாமா, இல்ல ஃப்ரைபுர்க் பக்கத்துலயே ஏதாவது இருக்கா?"ன்னு கேக்கறாங்க.

மியூனிக்கை விட்டுடுங்கம்மா. ஃப்ரைபுர்க்லேர்ந்து ரயில்ல ஒரு வழிக்கே 4 மணி நேரத்துக்கு மேல ஆகும். அரண்மனைக்கு இன்னும் தூரம். பெரியவங்களை வெச்சுக்கிட்டு கல்யாணத்துக்கு முன்னாடி அந்த அலைச்சல் வேணாம். ஃப்ரைபுர்க் பிளாக் ஃபாரஸ்ட் மலையோட அடிவாரத்துல இருக்கு. பிரான்ஸ், சுவிட்சர்லாந்து ரெண்டு எல்லையும் பக்கத்துலதான். இருக்கிற நாளுக்கு அந்தச் சுத்து வட்டாரமே ஏராளம். என்ன, எந்த இடத்துக்குப் போறோம்ங்கறதை விட எந்தக் கிழமையில போறோம்ங்கறதை அங்க ரொம்பப் பார்க்கணும். வர்றேன் அதுக்கு.

முதல்ல ஃப்ராங்க்ஃபர்ட்லேர்ந்து போற வழி. ஏர்போர்ட்லயே ரெண்டு ஸ்டேஷன் இருக்கு, ஒண்ணு உள்ளூர் வண்டிக்கு, இன்னொண்ணு தொலைதூர வண்டிக்கு. நீங்க போக வேண்டியது தொலைதூர ஸ்டேஷன், அதோட பேர் 'ஃபெர்ன்பான்ஹோஃப்'. அங்கேர்ந்து ஃப்ரைபுர்க்குக்கு நேரடியா ஐசிஇங்கற அதிவேக ரயில் சுமார் ரெண்டேகால் மணி நேரம். நிறைய பேர் மாட்டிக்கறது டிக்கெட்லதான். 'ஷ்பார்ப்ரைஸ்'னு ஒரு மலிவு டிக்கெட் கிடைக்கும். அது நீங்க குறிச்ச அந்த ஒரு வண்டிக்கு மட்டும்தான் செல்லும். ஃப்ளைட் லேட்டாகி, இமிக்ரேஷன் வரிசையில நின்னு, வண்டி போயிட்டா டிக்கெட்டும் போச்சு. ரயில் லேட்டானா வேற வண்டியில ஏற விடுவாங்க, விமானம் லேட்டானா அது அவங்க பொறுப்பு இல்ல. அதனால வர்ற அன்னிக்கு 'ஃப்ளெக்ஸ்ப்ரைஸ்' வாங்குங்க. விலை கூட, ஆனா அந்த நாள்ல எந்த வண்டியிலயும் ஏறலாம். சீட் ரிசர்வேஷன் அங்க தனி, டிக்கெட்டோட தானா வராது. பெரியவங்க இருக்காங்க, பெட்டி இருக்கு, அதை மறக்காம போட்டுடுங்க. திரும்பி வர்றப்போ ஒரு வண்டி முன்னாடியே கிளம்புங்க. ஜெர்மன் ரயில் நேரம் தவறாதுங்கறதெல்லாம் பழைய கதை.

தங்கற இடம். எல்லாரும் நகரத்துக்கு நடுவுலதான் ஹோட்டல் தேடுவாங்க. நான் சொல்றது கிர்ச்ஸார்ட்டன். மலைக்குப் போற ரயில் பாதையில, ஃப்ரைபுர்க்லேர்ந்து கால் மணி நேரத்துக்குள்ள வர்ற சின்ன ஊர். காரணம், அந்த மாதிரி ஊர்கள்ல தங்கினா 'கோனுஸ்'னு ஒரு விருந்தினர் அட்டை கொடுப்பாங்க. செக்-இன் பண்றப்போ ஒரு படிவம் நிரப்புவீங்க, கூடவே ஒரு சின்ன சுற்றுலா வரி கட்டுவீங்க, அதுக்குக் கிடைக்கிறதுதான் இந்த அட்டை. பிளாக் ஃபாரஸ்ட் முழுக்க உள்ளூர் பஸ், உள்ளூர் ரயில் இலவசம். ஐசிஇயில செல்லாது. 8 பேருக்கு அஞ்சாறு நாள்னா நல்ல காசு மிச்சம். உறவுக்காரங்க வீட்டுல தங்கினா இது கிடையாது. எல்லா லாட்ஜும் இதுல சேர்ந்திருக்காது, புக் பண்றதுக்கு முன்னாடி கேட்டுக்குங்க. அட்டை இல்லாதவங்க 24 மணி நேர வட்டார டிக்கெட் வாங்கலாம், அதுல அஞ்சு பேர் வரைக்கும் ஒரே டிக்கெட்ல போற வகை இருக்கு. டிக்கெட் இல்லாம பிடிபட்டா தலைக்கு 60 யூரோ. தெரியாம ஏறிட்டோம்னு சொன்னா ஒத்துக்க மாட்டாங்க.

இப்போ கிழமைக்கு வர்றேன். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில கடை மூடியிருக்கும். சூப்பர் மார்க்கெட், துணிக்கடை எல்லாமே. சில பேக்கரி காலையில கொஞ்ச நேரம் திறக்கும், பெரிய ரயில்வே ஸ்டேஷன்ல சில கடை இருக்கும், அவ்வளவுதான். உங்களுக்கு சனிக்கிழமை கல்யாணம். அன்னிக்கு சாயங்காலம் எவனும் பால் வாங்கப் போக மாட்டான். அதனால ஊர் சுத்தறது, வாங்கறது எல்லாம் வியாழன், வெள்ளிக்குள்ள முடிச்சுடுங்க. மலையையும் ஏரியையும் ஞாயிறு, திங்களுக்கு வெச்சுக்குங்க.

வியாழக்கிழமை காலையில பழைய ஊர். ட்ராம்ல 'பெர்டோல்ட்ஸ்ப்ருன்னன்' நிறுத்தத்துல இறங்குங்க, நட்ட நடு ஊர். பக்கத்துலயே மியூன்ஸ்டர்னு பெரிய தேவாலயம், கோபுரம் 116 மீட்டர், 1330 வாக்குல முடிச்சது. கோபுர உச்சி முழுக்கக் கல்லுல வலை பின்னின மாதிரி, உள்ளே வானம் தெரியும். 1944 நவம்பர் குண்டுவீச்சுல சுத்தி இருந்ததுல பெரும்பகுதி தரைமட்டம், இது தப்பிச்சுது. அதைச் சுத்தி சந்தை, திங்கள்லேர்ந்து சனி வரைக்கும், மதியம் ஒண்ணரை வாக்குல கடையைக் கட்டிடுவாங்க. வடக்குப் பக்கம் விவசாயிங்களே கொண்டு வந்து விக்கறது, பழம், தேன் எல்லாம் அங்க வாங்குங்க. மேலேர்ந்து பார்க்கணும்னா ஷ்லோஸ்பெர்க் குன்றுக்கு ஒரு சாய்வு லிஃப்ட் இருக்கு, முட்டி வலிக்காரங்களுக்குப் படி ஏற வேணாம்.

தெருவோரம் ஓடற வாய்க்காலைக் கவனிக்கணும். 'பெஹ்லே'ம்பாங்க. மூடி கிடையாது, சுத்தமான தண்ணி, பழைய ஊர்ல பல தெருவுல ஓடும். தவறி காலை வெச்சுட்டா ஃப்ரைபுர்க்காரங்களைத்தான் கட்டிக்கணும்னு அங்க ஒரு பேச்சு உண்டு. உங்க பையன் எப்போ வெச்சான்னு கேளுங்க! விளையாட்டு இருக்கட்டும், கல்யாணத்தன்னிக்கு பட்டுப்புடவையில மேல பார்த்துக்கிட்டே நடந்தா கணுக்கால் பிசகும், கொசுவமும் நனையும். தரையெல்லாம் கூழாங்கல், ஹீல்ஸ் சரிப்படாது. தட்டையான செருப்பு போட்டுக்குங்க.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பொண்ணு வீட்டுல 'போல்ட்டர்ஆபென்ட்' வெச்சாலும் வெப்பாங்க. விருந்தாளிங்க பழைய பீங்கான் தட்டைக் கொண்டு வந்து உடைக்கிற சடங்கு. பீங்கான்தான் உடைக்கணும், கண்ணாடி உடைச்சா அபசகுனம். அதனால அன்னிக்கு மதியத்துக்கு மேல எந்த டூரும் போடாதீங்க. சனிக்கிழமை சட்டப்படியான கல்யாணம் 'ஷ்டான்டெஸ்ஆம்ட்'ங்கற பதிவு அலுவலகத்துலன்னா, ஒரு ஜோடிக்கு அரை மணி நேரம் போலத்தான் கொடுப்பாங்க. கால் மணி நேரம் முன்னாடியே வாசல்ல நில்லுங்க. நம்ம ஊர் முகூர்த்த நேரம் மாதிரி இழுக்காது.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஷவ்இன்ஸ்லாண்ட். 1284 மீட்டர் மலை, 1930-லேர்ந்து கேபிள் கார் ஓடுது, நீளம் 3.6 கிலோமீட்டர், மேல போக 20 நிமிஷம். 2-ஆம் நம்பர் ட்ராம்ல குன்டெர்ஸ்டால் கடைசி நிறுத்தம், அங்கேர்ந்து 21-ஆம் நம்பர் பஸ் கேபிள் கார் வாசல்லயே விடும். மேல ஊரை விட 6 டிகிரி குறைவா இருக்கும், காத்து வேற. ஸ்வெட்டர் இல்லாம பெரியவங்களைக் கூட்டிட்டுப் போகாதீங்க. கீழ மூடுபனியா இருக்குன்னு பயணத்தைக் கைவிடாதீங்க. சில நாள் பனி கீழ தேங்கி நிக்கும், மேல பளிச்சுனு வெயில் அடிக்கும். கிளம்பறதுக்கு முன்னாடி அவங்க இணையதளத்துல கேமரா படத்தைப் பாருங்க, பராமரிப்புக்கு மூடியிருக்காங்களான்னும் தெரிஞ்சுடும்.

திங்கட்கிழமை டிட்டிஸே ஏரி. கிர்ச்ஸார்ட்டன்லயே ரயில் ஏறலாம், ஃப்ரைபுர்க்லேர்ந்துன்னா சுமார் 40 நிமிஷம். ஏரியை விட எனக்கு அந்தப் பாதைதான் பிடிக்கும். 1887-ல போட்டது, ஏத்தம் ரொம்ப அதிகம்னு 1933 வரைக்கும் நடுவுல பல்சக்கரம் வெச்சுதான் ஓட்டினாங்க. ஏரிக்கரை ஸ்டேஷன்லேர்ந்து சமதளம், நடக்கலாம், படகு இருக்கு. குக்கூ கடிகாரக் கடைகள் வரிசையா இருக்கும், சுற்றுலா இடம்ங்கறதால விலை கூடத்தான். ட்ரிபெர்க் அருவியையும் சேர்த்துக்கலாமான்னு கேப்பீங்க. மேப்ல பக்கம் மாதிரி தெரியும், ஆனா அது வேற ரயில் பாதை. ஃப்ரைபுர்க்லேர்ந்து ஆஃபன்பர்க் போய் மாறணும். அருவி 163 மீட்டர் விழுது, பக்கத்துல செங்குத்தா ஏறணும். பெரியவங்களுக்கு வேணாம். இளசுங்க தனியா போகட்டும்.

பிரான்ஸ் எல்லை தாண்டி கோல்மார்ங்கற ஊருக்குப் போறவங்களுக்கு ஷெங்கன் விசாவே போதும், ஆனா எல்லையில சோதனை இருக்கலாம். பாஸ்போர்ட் கையில இருக்கணும், போன்ல இருக்கிற போட்டோ செல்லாது. எல்லையோரம் இருக்கிற பிரைசாக் ஊர் வரைக்கும் ரயில், அப்புறம் பஸ். பஸ் குறைவு, இறங்கினதுமே திரும்பற நேரத்தைப் பார்த்து வெச்சுக்குங்க.

சாப்பாடு. சைவம்னா 'ப்ரேகெலே, பிபிலிஸ்கேஸ்'னு கேளுங்க, வறுத்த உருளைக்கிழங்கும் மூலிகை போட்ட கட்டித் தயிர் மாதிரி ஒண்ணும். "ஓஹ்ன ஷ்பெக்"னு சேர்த்து சொல்லணும், பன்றிக் கொழுப்புத் துண்டு இல்லாமன்னு அர்த்தம். சொல்லலைன்னா உருளைக்கிழங்குல போட்டுடுவாங்க. வெங்காயக் கேக்கும் அப்படித்தான். பிளாக் ஃபாரஸ்ட் கேக்ல செர்ரி சாராயம் ஊத்தியிருப்பாங்க, நம்ம ஊர் பேக்கரி கேக் மாதிரி இல்ல. க்ரீம்ல ஜெலட்டினும் இருக்கும். பாட்டிக்கும் குழந்தைக்கும் கொடுக்கறதுக்கு முன்னாடி யோசிங்க. தண்ணி கேட்டா சோடா வரும், "ஷ்டில்"னு சொல்லுங்க. குழாய்த் தண்ணி தாராளமா குடிக்கலாம். பிளாஸ்டிக் பாட்டில்ல 25 சென்ட் டெபாசிட் இருக்கு, குப்பையில போடாம கடை மெஷின்ல கொடுங்க.

ராத்திரி யாருக்காவது உடம்பு முடியலைன்னா 116117-க்கு போன் பண்ணுங்க, உயிருக்கு ஆபத்தான அவசரம்னா 112. மாத்திரைச் சீட்டை இங்கிலீஷ்ல எழுதி வாங்கிட்டுப் போங்க.

அந்த சீசன்ல ரோட்டோரம் 'நொயர் ஸூஸர்'னு பாதி புளிச்ச திராட்சை ரசம் விப்பாங்க. லேசா போதை உண்டு. அது பாட்டில்லயே பொங்கிக்கிட்டு இருக்கும், வாயு வெளிய போகணும்னுதான் மூடியைத் தளர்வா போட்டிருப்பாங்க. பையில படுக்க வெச்சா துணியெல்லாம் பாழ். இறுக்கித் திருகினா பாட்டிலே வெடிக்கும். நிக்க வெச்சு எடுத்துட்டுப் போய் அன்னிக்கே குடிச்சுடணும், ஊருக்குக் கொண்டு வர்ற சாமான் இல்ல அது.