'டவுட்' என்ற சொல்லை எங்கே பயன்படுத்த வேண்டும்?

வணக்கம். "சார், ஒரு டவுட்" என்று கேட்காத வகுப்பறை தமிழ்நாட்டில் இல்லை. அதே பழக்கத்தில், லண்டனில் இருக்கும் மேலாளரிடம் "ஐ ஹேவ் எ டவுட் அபவுட் யுவர் ரிப்போர்ட்" என்று சொன்னால், தமது அறிக்கை சரிதானா என்று நாம் ஐயப்படுவதாகவே அவர் எடுத்துக்கொள்வார். விளக்கம் கேட்கிறோம் என்பது அவருக்குப் புரியாமல் போகலாம்.

திரையில்: டவுட் / கொஸ்டின்

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பொதுவாக 'டவுட்' என்பது, ஒன்று உண்மையா, அது நடக்குமா என்பதில் நம்பிக்கை குறைந்த நிலையைக் குறிக்கிறது. தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது அங்கே 'கொஸ்டின்'. நாம் இரண்டுக்கும் 'சந்தேகம்' என்ற ஒரே சொல்லைப் புழங்குவதால் குழப்பம் வருகிறது. ஆனால் நம் இலக்கணம் இவற்றை எப்போதோ பிரித்து வைத்துவிட்டது. நன்னூல் கூறும் ஆறு வகை வினாக்களில், பாடலின் பொருள் தெரியாத மாணவர் ஆசிரியரிடம் கேட்பது அறியா வினா, "கயிறா, பாம்பா?" என்று இரண்டுக்கும் நடுவே மனம் தடுமாறிக் கேட்பது ஐய வினா. இந்த ஐய வினாவின் மனநிலைதான் ஆங்கில 'டவுட்'. அச்சொல்லுக்கு மூலமான லத்தீன் சொல்லும், இரண்டைக் குறிக்கும் 'டுவோ' என்ற சொல்லோடு உறவுடையது என்பது எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை.

திரையில்: ஐ டவுட் / ஐ சஸ்பெக்ட்

வினைச்சொல்லாகும்போது இன்னும் கூடுதல் கவனம் தேவை. "ஐ டவுட் ஹி ஸ்டோல் இட்" என்றால் அவர் திருடியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன் என்று பொருள். "ஐ சஸ்பெக்ட் ஹி ஸ்டோல் இட்" என்றால் அவர்தான் திருடியிருப்பார் என்று நினைக்கிறேன் என்று பொருள். தமிழில் 'சந்தேகிக்கிறேன்' என்று எண்ணிக்கொண்டு, 'சஸ்பெக்ட்' வர வேண்டிய இடத்தில் 'டவுட்' போட்டால், குற்றம் சாட்ட வந்தவர் குற்றவாளிக்காகப் பரிந்து பேசியதாக ஆகிவிடும்.

'டவுட்' (doubt) என்ற சொல்லின் எழுத்தில் உள்ள 'பி' (b) ஒலிக்காது. பிரெஞ்சு வழியாக வந்தபோது அந்த எழுத்து சொல்லில் இல்லை; லத்தீன் மூலத்தை நினைவூட்டுவதற்காக அறிஞர்கள் பிற்காலத்தில் எழுத்தில் மட்டும் அதைச் சேர்த்தார்கள்.

நம் வகுப்பறையில் "ஒரு டவுட்" என்று கேட்பதை யாரும் கைவிட வேண்டியதில்லை, அங்கே அனைவருக்கும் அது புரிகிறது. வெளிநாட்டவருக்கு மின்னஞ்சல் எழுதும்போதும் நேர்காணலில் பேசும்போதும் மட்டும் "ஐ ஹேவ் எ கொஸ்டின்" என்று தொடங்குங்கள்.