2 கோப்பை ஜெயித்தார், வேலை போச்சு! கோல்கீப்பராக இருந்து கோச் ஆன டினோ ஸோஃப் கதை

வணக்கம் நண்பர்களே. ஒரு கால்பந்து கோச். 1990 ஏப்ரல் கடைசியில் ஒரு கோப்பை ஜெயிக்கிறார். மூன்றே வாரத்தில், மே மாதம், இன்னொரு கோப்பை. இப்படிப்பட்ட ஆளை கிளப் என்ன செய்யும்? சம்பளத்தை ஏற்றும், மாலை போடும். இத்தாலியின் யுவெண்டஸ் என்ன செய்தது தெரியுமா? வீட்டுக்கு அனுப்பிவிட்டது!

இது முதல் அடிதான். பத்து வருடம் கழித்து இதே மனிதர் இன்னும் பெரிய அடி ஒன்று வாங்கினார். அங்கே ஒரு முன்னாள் பிரதமர் வேறு நடுவில் வருகிறார். அதனால் பாதியில் ஓடிவிடாதீர்கள்.

பெயர் டினோ ஸோஃப். 1942-ல் இத்தாலியின் வடகிழக்கு மூலையில், ஃப்ரியூலி பகுதியில் பிறந்தார். 14 வயதில் இன்டர் மிலான், யுவெண்டஸ் இரண்டிலும் தேர்வுக்குப் போனார். இரண்டு இடத்திலும் ஒரே பதில்: தம்பி, உயரம் பத்தாது. வீட்டில் பாட்டி அடிலெய்ட் இருக்கிறாரே, அவர் சொன்ன வைத்தியம் என்ன? தினமும் எட்டு முட்டை! அடுத்த ஐந்து வருடத்தில் பேரன் 33 சென்டிமீட்டர் வளர்ந்தார். அது முட்டையா, வயதா என்று டாக்டர்கள் சண்டை போடட்டும். நான் பாட்டி கட்சி.

1961-ல் உடினேசே அணியின் கோல்கீப்பராக முதல் லீக் ஆட்டம். ஐந்து கோல் வாங்கினார். சரி, ஆரம்பம் அப்படித்தான். பிறகு மான்டோவா, நாப்போலி, கடைசியில் 1972-ல், உயரம் பத்தாது என்று அனுப்பிய அதே யுவெண்டஸ். அங்கே 11 சீசன், சீசனுக்கு 30 லீக் ஆட்டம். மொத்தம் 330. எத்தனை ஆட்டம் தவறவிட்டார்? ஒன்றுகூட இல்லை! காய்ச்சல், சளி, முதுகு வலி எதுவும் இந்த மனிதருக்கு வரவே வராதா?

தேசிய அணியில் இன்னொரு சாதனை. 1972 முதல் 1974 வரை தொடர்ந்து 1142 நிமிடம் ஒரு கோலும் விடவில்லை. கூட்டிப் பாருங்கள், 19 மணி நேரம். அதை உடைத்தது பிரேசிலா, ஜெர்மனியா? ஹைட்டி! 1974 உலகக்கோப்பையில் இம்மானுவேல் சனோன் என்ற ஹைட்டி வீரர் ஓடிவந்து, ஸோஃபைத் தாண்டிப் போய் அடித்தார். இத்தாலி 3-1 என்று ஜெயித்தது, ஆனால் இன்றுவரை எல்லோரும் பேசுவது சனோனின் அந்த ஒரு கோலைத்தான்.

இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கோல்கீப்பர் பிழைப்பே இதுதான். ஸ்ட்ரைக்கர் ஒன்பது வாய்ப்பை வீணடித்துப் பத்தாவதை உள்ளே தள்ளினால் ஹீரோ. கோல்கீப்பர் ஒன்பதைத் தடுத்துப் பத்தாவதை விட்டால் திட்டு. 1978 உலகக்கோப்பையில் தூரத்திலிருந்து வந்த சில ஷாட்டுகள் உள்ளே போயின. உடனே பத்திரிகைகள், ஸோஃபுக்கு வயதாகிவிட்டது, கண் தெரியவில்லை என்று எழுதின. அப்போது அவருக்கு 36.

நான்கு வருடம் கழித்து, கண் தெரியாத அந்த ஆள்தான் 40 வயதில் இத்தாலி கேப்டன்! 1982 ஸ்பெயின் உலகக்கோப்பையில் இத்தாலி வீரர்கள் எல்லோரும் சேர்ந்து பத்திரிகைகளைப் புறக்கணித்தார்கள். கேப்டன் மட்டும் பேசுவார் என்று முடிவு. அதில்தான் வேடிக்கை. அந்த அணியிலேயே வாயைத் திறக்காத ஆள் ஸோஃப். நிருபர்கள் பாடு எப்படி இருந்திருக்கும்?

பார்சிலோனாவில் பிரேசிலுடன் ஆட்டம். டிரா ஆனாலே பிரேசிலுக்குப் போதும். 3-2 என்று இத்தாலி முன்னிலை, ஆட்டம் முடிய ஓரிரு நிமிடம். பிரேசிலின் ஆஸ்கர் தலையால் முட்டுகிறார். பந்து கீழ்மூலைக்குப் போகிறது. ஸோஃப் பக்கவாட்டில் விழுந்து, சரியாகக் கோட்டின் மேலே பந்தை அமுக்கிவிட்டார். தட்டிவிடவில்லை, பிடித்தே விட்டார்! தட்டிவிட்டிருந்தால் எவனாவது ஓடிவந்து உள்ளே தள்ளியிருப்பான். பிரேசில்காரர்கள் கோல் என்று கையைத் தூக்கினார்கள். கோல் இல்லை. அடுத்த ஆறாவது நாள் மாட்ரிட்டில் உலகக்கோப்பை ஸோஃப் கையில். உலகக்கோப்பை ஜெயித்த மிக வயதான வீரர் இன்றும் அவர்தான். ஊருக்குத் திரும்பும் விமானத்தில் 85 வயது குடியரசுத் தலைவர் பெர்ட்டினியோடு சீட்டாட்டம், மேஜைமேல் கோப்பை. அந்தப் போட்டோவை இதுவரை பார்க்கவில்லை என்றால் வீடியோவை நிறுத்திவிட்டுத் தேடிப் பாருங்கள், நான் காத்திருக்கிறேன்.

பார்த்தாயிற்றா? சரி, இப்போது கோச் கதை.

1988-ல் யுவெண்டஸ் கோச். துணைக்குப் பழைய தோழர் கயெட்டானோ ஷிரேயா, 1982 அணியின் தடுப்பு வீரர், ஸோஃபைப் போலவே அதிகம் பேசாதவர். 1989 செப்டம்பரில் எதிரணியின் ஆட்டத்தைப் பார்த்துவர போலந்து போன இடத்தில் ஷிரேயா கார் விபத்தில் இறந்தார். அந்தத் துக்கத்தோடு ஆடிய சீசனில்தான் முதலில் சொன்ன இரண்டு கோப்பைகளும்: இத்தாலி கிளப்புகளுக்கான கோப்பா இத்தாலியா, ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூஎஃபா கோப்பை. அதே சீசன் முடிவில்தான் ஸோஃபுக்குக் கல்தா.

காரணம்? கிளப் நிர்வாகத்துக்கு அழகான, தாக்கி ஆடும் கால்பந்து வேண்டுமாம். புதிதாக வந்தவர் லூயிஜி மைஃப்ரெடி. இவர் முன்பு ஷாம்பெயின் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி, சத்தியமாக! அவர் ஆட வைத்த ஆட்டத்துக்கே ஷாம்பெயின் கால்பந்து என்றுதான் பெயர். அடுத்த சீசனில் யுவெண்டஸ் ஏழாவது இடம். ஐரோப்பியப் போட்டிகளிலேயே இடமில்லை. நுரை அடங்கிவிட்டது.

அப்புறம் ரோம் நகர கிளப் லாட்சியோவில் கோச், அங்கேயே கிளப் தலைவர், நடுவில் மறுபடி கோச். வேகமாகத் தாண்டிவிடலாம். 1998-ல் தேசிய அணியின் கோச் வேலை கிடைத்தது.

யூரோ 2000, அதாவது ஐரோப்பிய நாடுகளுக்கான கோப்பை. போட்டி தொடங்குவதற்குச் சற்று முன்பு முதல் கோல்கீப்பர் புஃபோனுக்குக் கை உடைந்தது. இரண்டாவது ஆளான ஃபிரான்செஸ்கோ டோல்டோவை நிறுத்தினார்கள். அரையிறுதி ஆம்ஸ்டர்டாமில், நெதர்லாந்தை அவர்கள் சொந்த மண்ணில். முந்தைய ஆட்டத்தில் அவர்கள் யூகோஸ்லாவியாவுக்கு ஆறு கோல் போட்டிருந்தார்கள். 34-வது நிமிடத்தில் இத்தாலியின் சம்புரோட்டாவுக்கு சிவப்பு அட்டை, இனி பத்துப் பேர். கொஞ்ச நேரத்தில் நெதர்லாந்துக்குப் பெனால்டி. ஃபிராங்க் டி போயர் அடிக்கிறார், டோல்டோ தடுக்கிறார். இரண்டாவது பாதியில் இன்னொரு பெனால்டி! க்ளைவர்ட் அடித்தது கம்பத்தில் பட்டுத் தெறிக்கிறது. கூடுதல் நேரமும் முடிந்து 0-0. பெனால்டி ஷூட் அவுட்டில் மறுபடி டி போயர், மறுபடி டோல்டோ. ஸ்டாம் அடித்தது கேலரிக்குப் போனது. க்ளைவர்ட் மட்டும் கோல். போஸ்வெல்ட்டையும் டோல்டோ தடுத்தார். நடுவில் இத்தாலியின் டொட்டி என்ற பையன், நெதர்லாந்து கோல்கீப்பர் வான் டெர் சார் பக்கவாட்டில் பாய்ந்ததும், பந்தை நடுவில் மெல்லத் தூக்கிப் போட்டான் பாருங்கள், என்ன துணிச்சல்! ஒரே இரவில் நெதர்லாந்து ஆறு பெனால்டி அடித்து ஒன்றுதான் உள்ளே போனது. இத்தனையும் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவர், வாழ்நாள் முழுக்க அந்தக் கம்பங்களுக்கு நடுவே நின்றவர். அவர் உள்ளங்கை அரித்திருக்காதா?

இறுதிப்போட்டி பிரான்ஸுடன். டெல்வெக்கியோ கோல், இத்தாலி 1-0. டெல் பியரோ இரண்டு நல்ல வாய்ப்புகளைக் கோட்டைவிட்டார். இன்ஜுரி டைமும் முடியப்போகிறது. பிரான்ஸின் வில்டோர்டு இடது பக்கமிருந்து அடித்த பந்து டோல்டோ கையில் உரசிக்கொண்டே உள்ளே போனது! கூடுதல் நேரத்தில் முதலில் கோல் போடுபவருக்கே கோப்பை, அதுதான் அப்போதைய கோல்டன் கோல் விதி. பிரான்ஸின் ட்ரெசகே போட்டார். முடிந்தது.

மறுநாள் பெர்லுஸ்கோனி வந்தார். முன்னாள் பிரதமர், அப்போது எதிர்க்கட்சித் தலைவர், ஏசி மிலான் உரிமையாளர். பிரான்ஸின் நட்சத்திரம் ஜிடேனை ஒட்டியே நிற்க ஒரு ஆளைக் காவல் போடாமல் விட்டது கேவலம், கத்துக்குட்டி கோச்சுக்குக்கூட அது தெரிந்திருக்கும் என்றார். ஸோஃப் என்ன செய்தார்? ஜூலை 2 இறுதிப்போட்டி, ஜூலை 4 ராஜினாமா. பெர்லுஸ்கோனியிடமிருந்து கண்ணியப் பாடம் கற்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். சமாதானம் பேசியும் திரும்பி வரவில்லை. என்னைக் கேட்டால், கொஞ்சம் அவசரம்தான். ஆனால் கண் தெரியாது என்று எழுதியபோது பேசாமல் இருந்தவர், இதற்கு மட்டும் கோபப்பட்டார் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

பிறகு லாட்சியோவில் மறுபடி ஒரு தவணை. கடைசி வேலை 2005-ல் ஃபியோரென்டினா. பாதி சீசனில் வந்து, கடைசி நாள் ஆட்டத்தில் அணியைக் கீழ் டிவிஷனுக்குப் போகாமல் காப்பாற்றிவிட்டுக் கிளம்பினார்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். ஜிடேனுக்கு ஒரு ஆளைக் காவல் போட்டிருக்க வேண்டுமா? ஞாபகம் இருக்கட்டும், அந்த இறுதிப்போட்டியில் ஜிடேன் ஒரு கோலும் போடவில்லை. கமெண்டில் சண்டை போடலாம், பாட்டியை மட்டும் இழுக்காதீர்கள்.