கதிர்காமப் பாதையில் ஒரு பழைய மலைத்தொடர்

(ஆசிரியர்களும் உயர்தர மாணவர்களும் கூடிய மட்டக்களப்புச் சபையொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

சபையோருக்கு வணக்கம். மலைத்தொடரைப் பற்றிப் பேச மட்டக்களப்பில் என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். குடும்பிமலையை விட்டால் கண்ணுக்கெட்டிய தூரம் வயலும் வாவியும்தான். ஆனால் அந்த வயலுக்குக் கீழே கிடக்கிற கருங்கல், தேய்ந்துபோன ஒரு பெரிய மலைத்தொடரின் அடிப்பாகம்.

படுவான்கரைப் பக்கம் கல்லுடைக்கிற இடத்தில், புதிதாக உடைந்த கல்லொன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். கறுப்பும் வெளுப்புமாக வரி ஓடும். கறுப்பில் ஹோர்ன்பிளெண்டு, கறுப்பு மைக்கா என்கிற கனிமங்கள், வெளுப்பில் குவார்ட்சு, பெல்ஸ்பார் என்கிற கனிமங்கள். சில கல்லில் அந்த வரி மடிந்து நெளிந்திருக்கும். குளிர்ந்த கல்லை நெருக்கினால் உடையும். ஆழத்தில் சூடேறி இளகியிருந்தால்தான் இப்படி மடியும். நைஸ் என்கிற உருமாறிய பாறை இது.

சரி, எவ்வளவு சூடு, எவ்வளவு ஆழம்? சூளை ஆறி மாதக்கணக்கான பிறகும் செங்கல்லைப் பார்த்தே எப்படி வெந்தது என்று சொல்லிவிடுவார்கள். பாறையில் அந்த வேலையைக் கனிமங்கள் செய்கின்றன. கயனைட்டு, அண்டலூசைட்டு, சிலிமனைட்டு மூன்றுக்கும் ஒரே இரசாயனச் சேர்க்கைதான். அமுக்கம் மிகுந்தால் கயனைட்டு, வெப்பம் மிகுந்தால் சிலிமனைட்டு, அமுக்கம் குறைந்த இடத்தில் அண்டலூசைட்டு.

மலைநாட்டுக் கற்களில் சிவப்புப் பொட்டாகத் தெரிகிற கார்னெட் இன்னும் கெட்டிக்காரக் கனிமம். வளரும்போது பக்கத்தில் இருந்ததை உள்ளே விழுங்கி வைத்துக்கொள்ளும். அப்படிச் சில கார்னெட்டுக்குள்ளே கயனைட்டு அகப்பட்டிருக்கிறது. வெளியே சுற்றிலும் சிலிமனைட்டு. அதாவது அந்தக் கல் முதலில் ஆழத்துக்கு அமுக்கப்பட்டு, அப்புறம்தான் கடுமையாகச் சூடேறியது. இரண்டு நிலப்பரப்புகள் மோதி, ஒன்று மற்றொன்றின் அடியில் போகும்போது நடப்பது இதுதான்.

கண்டிப் பக்கத்துப் பாறைகள் சில 900 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறியவை. அமுக்கத்தைக் கணக்கிட்டால் ஆழம் 30 கிலோமீற்றருக்கு மேல் வருகிறது. அந்தக் கல் இப்போது மேலே கிடக்கிறது, அதற்குக் கீழே புவியின் மேலோடு இன்னும் ஏறக்குறைய 35 கிலோமீற்றர் இருக்கிறது. இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: இன்று திபெத்துக்குக் கீழே இருக்கிற மேலோட்டின் தடிப்பு! இலங்கையின் மிக உயர்ந்த மலையான, 2524 மீற்றர் உயரமுள்ள பீதுருதாலகால அந்தப் பழைய மலையின் உச்சியல்ல, அடிவேர். மேலே இருந்ததெல்லாம் அரிக்கப்பட்டுப் போய்விட்டது.

மோதியவை எவை? மலைநாட்டுச் சலவைக்கல்லும் குவார்ட்சைட்டும் ஒரு காலத்தில் கடலடிச் சுண்ணமும் மணலும். அந்த மணலோடு வந்த சிர்க்கோன் என்கிற கனிம மணிகள் பலவற்றின் வயது, யுரேனியம் ஈயமாக மாறிய அளவைக் கொண்டு பார்த்தால், 200 முதல் 300 கோடி ஆண்டு. நம் கிழக்குப் பக்கத்து நைஸின் மூலப்பாறையோ ஏறத்தாழ 100 கோடி ஆண்டுக்கு முன் உருகிய குழம்பாக வந்து இறுகியது. பிறப்பு வேறு வேறு. ஆனால் உருமாற்றம் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே காலம், சுமார் 55 கோடி ஆண்டுக்கு முன்பு. கோண்டுவானா என்கிற பெருங்கண்டம் ஒட்டிச் சேர்ந்த காலம் அது.

மோதலில் மலைநாட்டுப் பாறை நம் பாறையின் மேல் ஏறியது. கதிர்காமத்து ஆடிவேல் விழாக் காலத்தில் கிழக்குக் கரையோர உகந்தையிலிருந்து காட்டுப்பாதையால் நடப்பவர்கள் பெரும்பாலும் நம் கிழக்குப் பாறையில்தான் நடக்கிறார்கள். கதிர்காமம் போய்ச் சேர்ந்தால், மலைநாட்டுப் பாறைத் துண்டொன்று தாய்ப்பாறையை விட்டுத் தனியாக, நம் பாறையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இடையில் இருந்ததை மழையும் ஆறும் அரித்துவிட்டன. மலைநாட்டுப் பாறை ஒரு காலத்தில் கிழக்கே எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை என்பேன்.

அம்பாறை மாவட்டத்து மகா ஓயா வெந்நீர்க் கிணறுகளும் மலைநாட்டுப் பாறையும் நம் பாறையும் சந்திக்கிற எல்லையை ஒட்டித்தான் இருக்கின்றன. எரிமலை ஏதும் கிடையாது, பயப்பட வேண்டாம். மழைநீர் வெடிப்பு வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி மேலே வருகிறது, அவ்வளவுதான். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.