மைக்க புடுங்குனாலும் பேசுவேன் நடுவர் ஐயா

நடுவர் ஐயாவுக்கும், மாரியம்மன் பண்டிகைக்கு வந்து பனியில உக்காந்திருக்கிற பாலக்கோட்டு சனத்துக்கும் வணக்கம். அவ்ளோதான் வணக்கம், எனக்கு குடுத்ததே 8 நிமிஷம். "வகுப்பறைக்கு பலம் கரும்பலகையா, ஸ்மார்ட் போர்டா"ன்னு தலைப்பு. நான் கரும்பலகை பக்கம். 22 வருஷமா அது பக்கத்துலயே நிக்கிறேன், தலை வெளுத்தது வயசாலயா சாக்பீஸ் தூசியாலயான்னு எனக்கே தெரியல.

முதல்ல எதிரணி தம்பிக்கு ஒரு பாக்கி இருக்கு. ஓசூர்ல கம்ப்யூட்டர் வேலை பாக்குற தம்பி. "டெக்னாலஜிய குறை சொல்ல வந்த அக்கா எதுக்கு மைக்க புடிக்கிறாங்க, சிலேட்டுல எழுதி ஒவ்வொருத்தர்கிட்டயா காட்டட்டுமே"ன்னாரு. நீங்களும் விசில் அடிச்சீங்க. பாத்தேன், மூணாவது வரிசை பச்சைத் துண்டு அண்ணா, உங்க பையன் என் வகுப்புலதான் இருக்கான், ஞாபகம் இருக்கட்டும்.

ஏன் தம்பி, நீங்க பேசிட்டிருக்கும்போது கரண்ட் போச்சில்ல? ஜெனரேட்டர்காரரு டீ குடிக்கப் போயிட்டாரு. அவரு வர்ற வரைக்கும் செல்போன் டார்ச்ச மூஞ்சில அடிச்சுக்கிட்டு பல்லி மாதிரி நின்னீங்களே ஒழிய ஒரு வார்த்தை வந்துச்சா? இப்ப பாருங்க, மைக்க விட்டு தள்ளி நிக்கிறேன். தேர்முட்டிகிட்ட கடலை விக்கிற அக்கா, கேக்குதா? கேக்குதாம்! என்கிட்ட படிச்ச பசங்களுக்கு இந்த தொண்டை தெரியும். மைக்க ஆஃப் பண்ணா நான் கத்துவேன், என்னை ஆஃப் பண்ணா மைக்கு என்னத்த பேசும் தம்பி?

ஸ்மார்ட் போர்டுல நல்லது இல்லன்னு நான் சொல்லவே இல்லை. இதயத்துல வால்வு தொறந்து மூடுறத வீடியோல பாத்தப்ப பசங்க வாயப் பொளந்தாங்க, நான் சாக்பீஸ்ல இதயம் வரைஞ்சா மாங்கா மாதிரி இருக்கும், நம்ம ஊரு பழக்கம். 2018ல புதுப் புத்தகத்துல க்யூஆர் கோடு வந்துச்சு, அதுவும் நல்லதுதான். ஆனா ஸ்வீடன்காரன் எல்லாத்தையும் பாத்துட்டு 2023ல மறுபடி அச்சுப் புத்தகம் வாங்க அரசாங்கக் காச ஒதுக்குறான். சரி, ஸ்வீடன விடுங்க, நம்ம தக்காளி மண்டிக்கு வருவோம்.

2020, கொரோனா, போன்ல வகுப்பு. ஒரு பையன் வீட்ல ஒரே போன், அது அப்பா சட்டைப்பையில. போன் எங்க போகுதோ பையனும் அங்க போகணும், அதனால மண்டிலயே உக்காந்து படிக்கிறான். நான் கேக்குறேன், "செடி உணவு தயாரிக்க என்னென்ன வேணும்?" பதில் வருது, "தக்காளிப் பெட்டி, ஒரு கிரேடுக்கு 80 ரூபா குடு, இல்லன்னா ரோட்டுல கொட்டிட்டுப் போறேன்!" யாருப்பா அது, ம்யூட் பண்ணுன்னேன். "நீ யாரும்மா, எந்த மண்டி?"ங்கறாரு. நான் சயின்ஸ் டீச்சருங்க. "டீச்சரா, சரி, நீயாவது 90க்கு எடுத்துக்க தாயி." அவன்கிட்ட 80, என்கிட்ட 90! அதோட முடிஞ்சுதா? மறுநாள் அதே கேள்விய கேட்டேன், ஒரு புள்ள சொல்லுது, "சூரிய ஒளி, தண்ணி, கார்பன் டை ஆக்சைடு, 80 ரூபா டீச்சர்." தப்புன்னு எப்படி சொல்றது, அந்த 80 ரூபா இல்லன்னா அடுத்த போகம் செடி ஏது? கடைசில ரெண்டு கிரேடு நானே வாங்கி வீட்ல வாரம் பூரா தக்காளித் தொக்கு, என் வீட்டுக்காரரு இன்னும் அந்த வகுப்ப மன்னிக்கல.

நம்ம தகடூர் அதியமான் அவ்வைக்கு நெல்லிக்கனிய கையில குடுத்தான்யா, லிங்க் அனுப்பல!

சிரிச்சாச்சு. அதே வகுப்புல 19ஆம் நம்பர்னு ஒரு பொண்ணு. ரெண்டு வாரம் வந்துச்சு, அப்புறம் காணோம். டவர் இல்லன்னு நினைச்சேன், மலையோரம் வீடு. போன்ல 'இல்லை'ன்னு மட்டும் காட்டுச்சு, நானும் நம்பிட்டேன், என் தப்புதான். 2021 செப்டம்பர்ல பள்ளிக்கூடம் தொறந்து ரெஜிஸ்டர் எடுத்து கூப்பிடுறேன். 17, உள்ளேன் டீச்சர். 18, உள்ளேன் டீச்சர். 19... சத்தமில்ல. பக்கத்துல உக்காந்திருந்த புள்ள தலைய குனிஞ்சுகிச்சு. அந்தக் குனிஞ்ச தலைய எந்தப் போன்ல பாத்திருப்பேன் தம்பி?

சாயங்காலம் வண்டிய எடுத்துட்டு போனேன். வாசல்ல பந்தக்கால் நட்டிருந்தாங்க. புள்ளைக்கு 15 வயசு. குழந்தைங்களுக்கு உதவுற 1098 நம்பருக்கு அடிச்சேன். ஆமா, போன்லதான் அடிச்சேன், எதிரணி சிரிக்காதீங்க, அன்னைக்கு அந்தப் போன நான் கும்பிட்டேன். ஆபீசர்ங்க வந்து நிறுத்துனாங்க. அவங்கப்பா என்னைப் பாத்து பேசுனத இந்த மேடைல சொல்ல முடியாது, அதுக்கப்புறம் ரொம்ப நாளு அந்த ஊரு வழியா போகவே பயந்தேன்.

அடுத்த வாரம் ரெஜிஸ்டர் எடுத்தேன். 17. 18. 19னு கூப்பிட்டேன். சின்னதாத்தான் வந்துச்சு, "உள்ளேன் டீச்சர்." என் பேனா எழுதல, பக்கத்து புள்ளகிட்ட வாங்கிதான் கோடு போட்டேன்...

மணி அடிச்சுட்டீங்களா ஐயா? சரி, உக்காந்துக்கறேன்.