வேதம் படித்தவர்கள் ஹிட்லரை எப்படி வரவேற்றார்கள்?

அடுத்த கேள்வி, ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "வேதம் (பைபிள்) மட்டுமே என்று சொன்ன சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரின் தேசத்தில், 1933இல் இறையியல் பேராசிரியர்களே ஹிட்லரை எப்படி வரவேற்றார்கள்? அவர்கள் வேதம் வாசிக்கவில்லையா?"

வாசித்தார்கள் சகோதரி, நம்மைவிட நன்றாகவே வாசித்தார்கள். ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பேராசிரியராக இருந்த பால் அல்ட்ஹவுஸ், லூத்தரை ஆழமாகக் கற்ற அறிஞர். அவர்தான் 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த மாற்றத்தைக் கடவுளின் ஈவு, அற்புதம் என்று எழுதினார். அதனால் தெரியாமல் செய்தார்கள் என்று விட்டுவிட முடியாது.

கோளாறு அவர்களுடைய உபதேசத்திலேயே இருந்தது. குடும்பம், அரசு இவையெல்லாம் படைப்பிலேயே கடவுள் ஏற்படுத்திய ஒழுங்குகள் என்று லூத்தரன் இறையியலில் சொல்வதுண்டு. முதல் உலகப் போருக்குப் பிறகு பலர் அந்த வரிசையில் இனத்தையும் அழுத்தமாக வைத்தார்கள். 1918இல் ஜெர்மனி தோற்றது. ஜெர்மனியின் பெரிய மாநிலமான பிரஷ்யாவின் சபைக்கும் தலைவராக இருந்த பேரரசரும் போய்விட்டார். அந்த அவமானத்தில் இருந்தவர்களுக்கு இனத்தின் எழுச்சியே கடவுளின் குரலாகக் கேட்டது. சரி, இனம் கடவுளின் ஒழுங்கு என்றால் அதைக் காப்பதும் கீழ்ப்படிதல் ஆகிவிடுமே! யூத வம்சத்தில் பிறந்தவர், ஞானஸ்நானம் பெற்றவரே ஆனாலும், போதகராக இருக்கக் கூடாது என்று 1933 செப்டம்பரில் பிரஷ்ய சபை மன்றம் சட்டம் போட்டது. ஞானஸ்நானத்தைவிட ரத்தம் பெரிதாகிவிட்டது. எனக்கு இன்றைக்கும் மனம் பதறும் இடம் இது.

இந்த உபதேசத்துக்குப் பதில், அதை எதிர்த்த சபையார் கூடிய ஜெர்மனியின் பார்மன் நகரில் 1934 மே மாதம் வந்தது. பெரும்பகுதி சுவிஸ் இறையியலாளர் கார்ல் பார்த் எழுதிய விசுவாச அறிக்கை அது. "நானே வழியும் சத்தியமும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்ற யோவான் 14:6 வசனத்தோடு அதன் முதல் கூற்று தொடங்குகிறது. இயேசு கிறிஸ்து ஒருவரே கடவுளின் வார்த்தை. வேறு எந்த நிகழ்ச்சியையும் வல்லமையையும் கடவுளின் வெளிப்பாடாகச் சபை ஏற்க முடியாது என்கிறது. ஞாயிறு ஆராதனையில் கேட்பது போல இருக்கிறதல்லவா? அல்ட்ஹவுஸ் எழுதியதற்குப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள், அது எதை மறுக்கிறது என்று புரியும். இரண்டே வாரத்தில் அவரும் வேறு சிலரும் ஹிட்லருக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லி அன்ஸ்பாக் நகரிலிருந்து மறுப்பு வெளியிட்டார்கள்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. பார்மன் அறிக்கையில் யூதர்களைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. ஹிட்லரை எதிர்த்த இளம் ஜெர்மன் இறையியலாளர் போன்ஹோஃபர் அதற்கு ஓராண்டு முன்பே, 1933 ஏப்ரலிலேயே, அந்தப் பிரச்சினையைச் சபையின் முன் வைத்திருந்தார். 1967இல் போன்ஹோஃபரின் வாழ்க்கை வரலாற்றைப் படித்த பார்த், அதை எழுதிய போன்ஹோஃபரின் நண்பருக்கு ஒரு கடிதம் போட்டார்: அன்று யூதர்களுக்காகப் பேசாமல் விட்டதை வெகுகாலமாகத் தன் குற்றமாகவே எண்ணிவந்ததாக.