ஏவாமல் செய்த ஒரே வேலை

நடுவர் அவர்களுக்கும், இரு அணிப் பேச்சாளர்களுக்கும், மழையையும் பாராமல் வந்து இந்த வெள்ளவத்தை மண்டபத்தை நிறைத்திருக்கும் உங்களுக்கும் வணக்கம்.

"சரித்திரக் காதல் கதையில் பணிப்பெண்ணை உயர்த்துவது பிரபுவின் காதலா, அவள் படித்த புத்தகமா?" இதுதான் தலைப்பு. புத்தகமே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். இருநூறு வருடங்களுக்கு முந்திய இங்கிலாந்து. பெரிய மாளிகை. நூலகத்தில் தூசு தட்ட வந்த பெண், கையிலெடுத்த புத்தகத்தைத் துடைத்து வைக்காமல் திறந்து இரண்டு பக்கம் வாசித்துவிடுகிறாள். நிமிர்ந்து பார்த்தால் வாசலில் பிரபு நிற்கிறான். புத்தகமாகவோ கைபேசியிலோ இப்படி ஒன்றை வாசிக்காதவர்கள் இங்கே குறைவாகத்தான் இருப்பீர்கள்.

எனக்கு முன் பேசிய எதிரணி அன்பர் உருக்கமாக ஒரு கேள்வி கேட்டார். "அவன் காதலிக்காமல் போயிருந்தால், ஆயிரம் புத்தகம் படித்தும் அவள் சாகும்வரை தூசுதானே தட்டியிருப்பாள்?" நியாயமான கேள்வி. ஒரு வீட்டைக் காட்டிப் பதில் சொல்கிறேன்.

சசெக்ஸ் பகுதியில் அப்பார்க் என்றொரு மாளிகை இன்றும் இருக்கிறது. அதன் உரிமையாளர் சேர் ஹாரி ஃபெதர்ஸ்டன்ஹோ. 1825இல், எழுபது வயதைத் தாண்டிய பிறகு, தன் பால்பண்ணையில் வேலை செய்த மேரி ஆன் புல்லக் என்ற பெண்ணை அவர் கல்யாணம் செய்தார். அவளுக்கு அப்போது இருபது வயதளவுதான். எதிரணிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது, நானே எடுத்துத் தருகிறேன். ஆனால் அந்த மனிதர் இன்னொன்றும் செய்தார். அவளைப் பாரிசுக்கு அனுப்பிப் படிப்பித்தார். அவரிடம் பட்டம் இருந்தது, காணி பூமி இருந்தது, காதலும் இருந்தது. அவ்வளவும் இருந்தும் அவள் அந்த வீட்டில் தலை நிமிர்ந்து இருக்க வேறொன்றும் வேண்டும் என்று அவருக்கே தெரிந்திருக்கிறது.

கதை அத்தோடு முடியவில்லை. 1846இல் அவர் இறந்ததும் மாளிகை மேரி ஆனுக்கு வந்தது, அவளுக்குப் பிறகு அவள் தங்கைக்கு. அந்தத் தங்கை எசமானியாக இருந்தபோது, 1880இல், சாரா வெல்ஸ் என்ற பெண் வீட்டைப் பராமரிக்கும் பணிப்பெண்களுக்குத் தலைவியாக அங்கே வந்தார். அவருடைய மகன், பதின்ம வயதுப் பையன், வரும்போதெல்லாம் மாளிகைப் புத்தகங்களை எடுத்து வாசித்தான். பிளேட்டோவின் 'குடியரசு' அவனுக்கு அங்கேதான் கிடைத்தது. அந்தப் பையன்தான் பின்னாளில் புகழ்பெற்ற நாவலாசிரியரான எச். ஜி. வெல்ஸ். அவனை எந்தச் சீமாட்டியும் காதலிக்கவில்லை, எந்தப் பிரபுவும் தத்தெடுக்கவில்லை. புத்தகம் மட்டும் போதுமா என்று கேட்ட அன்பருக்கு, அதே கூரையின் கீழேயே விடை இருக்கிறது.

"புத்தகமும் பிரபுவுடையதுதானே" என்றும் கேட்டார்கள். அலுமாரி அவனுடையது, சரி. வாசிக்கக் கொடுத்த விலை யாருடையது? 1821க்குப் பிறகு இங்கிலாந்தில் மூன்று பாகங்களாக வந்த ஒரு நாவலின் வழக்கமான விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். சாப்பாடும் படுக்கையும் போக ஆண்டுக்குப் பத்துப் பவுண் அளவில் சம்பளம் வாங்கிய பெண்ணுக்கு அது கிட்டத்தட்ட இரண்டு மாத உழைப்பு. 1831 வரை மெழுகுவர்த்திக்கும் வரி. விடியுமுன் எழும்பி அடுப்புச் சாம்பல் அள்ளி, நிலக்கரி சுமந்து, சுடுதண்ணி வாளியை மாடிக்கு ஏற்றி இறக்கியவள், இரவு எஞ்சிய துண்டு மெழுகுவர்த்தியின் புகையில் கண் எரிய எரிய வாசித்தாளே, அந்த நேரத்தைப் பிரபுவா கொடுத்தான்? தன் தூக்கத்தில் இருந்தல்லவா அவள் எடுத்தாள்.

இனித் தொல்காப்பியத்துக்கு வருகிறேன். எதிரணித் தலைவர், மறைவாக வளரும் காதலைப் பற்றிய களவியலில் இருந்து "மிக்கோன் ஆயினும் கடிவரை இன்றே" என்று எடுத்துக்காட்டினார். தலைவன் உயர்ந்தவனாக இருந்தாலும் தடையில்லை. அழகான அடி. ஆனால் அதே தொல்காப்பியர் அகத்திணையியலில் அடியோரின், அதாவது வேலைக்காரர்களின் காதலை, ஒத்த அன்புள்ள காதலுக்கு வகுத்த ஐந்திணைக்குப் புறத்தே வைத்துவிட்டார். படிக்கும்போதெல்லாம் என்னை வருத்தும் இடம் அது. ஏன் அப்படி என்பதற்கு உரையாசிரியர் இளம்பூரணர் சொல்லும் காரணங்களில் ஒன்று, பிறருக்குக் குற்றேவல் செய்பவர்களுக்கு அறமும் பொருளும் இன்பமும் வழுவாமல் நடப்பது அரிது என்பது. அந்த முடிவை நான் ஏற்கவில்லை. ஆனால் அவர் தொட்ட புண் உண்மையானது. வேலைக்காரப் பெண்ணுக்குக் காதலிக்க மனம் இல்லாமலா? இருக்கிறது. அவள் நேரமும் உடம்பும் சொல்லும் இன்னொருவர் ஏவலில் இருக்கின்றன. கூப்பிட்டால் வரவேண்டும், நில் என்றால் நிற்கவேண்டும். அப்படிப்பட்ட பெண்ணிடம் எசமான் "உன்னை விரும்புகிறேன்" என்றால், அதுவும் இன்னொரு ஏவலாகத்தானே காதில் விழும்?

நடுவர் அவர்களே, என் அணியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒருவரும் ஏவாமல் அவள் செய்த ஒரே வேலை வாசிப்பு. அந்த நேரத்தில்தான் அவள் ஒருவருக்கும் வேலைக்காரி இல்லை.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் தலைவனுக்கும் தலைவிக்கும் பத்துப் பொருத்தம் கேட்கிறது. பிறப்பு, குடிமை, திரு என்று பார்த்துக்கொண்டே போனால் நம் கதையில் ஒன்றும் ஒத்துவராது. ஆனால் அந்தப் பத்தில் உணர்வும் ஒன்று. அறிய வேண்டியதை அறியும் தன்மை. பட்டம் பெற்றவனோடு பாத்திரம் கழுவியவள் சரிசமமாக நின்று கதைக்க முடிந்தது அந்த ஒன்றில்தான். அதை அவளுக்குக் கொடுத்தது எது?

இங்கிலாந்தை விடுவோம். கொழும்பிலேயே, இந்த ஒழுங்கைகளிலேயே, மலையகத்தில் இருந்து சின்ன வயதில் வீட்டு வேலைக்கு வந்த எத்தனை பிள்ளைகளை நாம் கண்டிருக்கிறோம். நாட்டில் 1945இல் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பெடுக்கத் தொடங்கியதோ 1970களில்தான். நடுவில் போன காலம் யாருடைய காலம்?

நான் ரியூசன் கொடுக்கப் போன ஒரு வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தாள். பழைய போத்தல், பேப்பர் வாங்குகிறவருக்குக் கட்டிவைத்த பத்திரிகைக் கட்டில் இருந்து எட்டாம் வகுப்புச் சரித்திரப் புத்தகம் ஒன்றை உருவி எடுத்துத் தன் பாய்க்குள் சுருட்டி வைத்திருந்தாள். அட்டை இல்லை, முதல் பத்துப் பக்கமும் இல்லை. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். விளங்காத சொல்லில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, நான் வரும் நாளில் தேத்தண்ணீரோடு அந்தப் பக்கத்தையும் கொண்டுவந்து காட்டுவாள். சில மாதங்களில் ஒரு கொப்பியில் தன் சம்பளக் கணக்கை எழுதத் தொடங்கினாள். பிறகு ஒரு நாள் வீட்டு அம்மாவிடம் போய், "அம்மா, ரெண்டு மாசச் சம்பளம் குறையுது" என்று சொன்னாள். குரல் நடுங்கியது, ஆனால் கொப்பியை நீட்டிய கை நடுங்கவில்லை. அம்மா கொப்பியை வாங்கிப் பார்த்தார், மறுநாள் காசு வந்தது. அவளுக்கு இதைச் செய்து கொடுக்க எந்தப் பிரபு வந்தான்?

எதிரணிக்காகப் பேச இன்னும் இருவர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். இந்தக் கதைகளில் நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசிக்கும் இடம் பிரபு காதலைச் சொல்லும் இடம் இல்லை. அவள் "மாட்டேன், இப்படி என்றால் மாட்டேன்" என்று சொல்லும் இடம். வேலை போகும், வீடு போகும், அடுத்த வீட்டில் வேலை கேட்க நற்சான்றுக் கடிதமும் கிடைக்காது என்று தெரிந்துகொண்டே சொல்கிறாள். அந்த மாட்டேனை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது அவனுடைய காதலா? ஆம் என்றால் எந்தப் பக்கத்தில், எந்த வரியில் என்று இந்தச் சபைக்குக் காட்டுங்கள். காட்ட முடியாவிட்டால், நடுவர் அவர்களே, தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள்.

நன்றி, வணக்கம்.