நாரையின் அலகும் குருகின் காலும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். பறவைகளைப் பாடிய கவிதைகளைப் படிப்பது குறித்தும் எழுதுவது குறித்தும் கும்பகோணத்தில் நின்று பேசுகிறவர், பட்டீச்சரத்தை அடுத்த சத்திமுத்தத்துப் புலவரிடமிருந்து தொடங்குவதே முறையாகும்.

வறுமையால் ஊரைவிட்டு மதுரைக்குச் சென்று, வாடைக்காற்றில் போர்த்திக்கொள்ள ஆடையின்றி நடுங்கிய அவர், நாரையிடம் தம் மனைவிக்குச் சேதி சொல்லி அனுப்புகிறார். 'பழம்படு பனையின் கிழங்கு பிளந்தன்ன பவளக் கூர்வாய்' என்ற அடி பலருக்கும் மனப்பாடம். தை மாதத்தில் பனங்கிழங்கை அவித்து, இரண்டாகப் பிளந்து, கூரிய நுனிகள் விலகி நிற்பதைக் கையில் வைத்துப் பார்த்தவருக்கு, அலகு திறந்த கணத்தையே புலவர் பிடித்துவிட்டார் என்பது விளங்கும். செங்கால் நாரை பனிக்காலத்தில் நம் நாட்டுக்கு வந்து, வெயில் ஏறும்போது வடக்கே திரும்பும் வலசைப் பறவை. 'வடதிசைக்கு ஏகுவீராயின்' என்று அவர் வேண்டியதும் அதன் உண்மையான பயணத்தை நம்பித்தான். புறநானூற்று 67ஆம் பாட்டில் பிசிராந்தையாரும், குமரித்துறையில் அயிரை மீனை உண்டு வடமலைக்குப் போகும் அன்னச் சேவலைத்தான் வழியில் உறையூரில் இறங்கச் சொல்கிறார்.

குறுந்தொகை 25ஆம் பாட்டில் கபிலர் காட்டும் குருகு என்னும் நீர்ப்பறவையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். தலைவன் தன்னை மறைவில் மணந்த நாளில், அவன் சொல் தவறினால் எடுத்துச் சொல்ல வேறு சாட்சி எவருமில்லை, தினைத்தாள் போன்ற சிறிய பசுங்கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்திருந்த குருகு மட்டும் இருந்தது என்கிறாள் தலைவி. நம் வாய்க்கால் மதகுகளில் கழுத்தை உள்ளிழுத்து நிற்கும் மடையான் என்னும் குளத்துக்கொக்குக்கும் கால் பசுமை கலந்த நிறமே. கபிலர் கண்டதும் அதுவே என்பது என் துணிபு. இருந்த ஒரே சாட்சியின் கண்ணும் மீன் மேலேயே இருந்தது என்பதில்தான் அவளுடைய துயரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அந்த நேரத்தில் அலகையோ இறகையோ விட்டு, காலை மட்டும் அவள் ஏன் நினைவில் வைத்தாள்? நாணத்தால் தலை கவிழ்ந்திருந்தவளின் பார்வைக்கு எட்டியது கால்தான் என்றே நான் படிக்கிறேன்.

இன்று எழுதவரும் இளைஞர்களின் கவிதைகளில் சிறகு இருக்கிறது, வானம் இருக்கிறது. எந்தப் பறவை என்பது மட்டும் இல்லை. வரப்பில் சேற்று நிறத்தில் கண்ணுக்குத் தெரியாமல் அமர்ந்திருந்த மடையான், ஆளரவம் கேட்டு எழுந்ததும் முழுவெள்ளைச் சிறகுகளோடு பறப்பதை ஒருமுறை கண்டவர், 'பறவை' என்று பொதுவாக எழுதி நிறுத்த மாட்டார். பெயர் தெரியாவிட்டால் மடை திறக்கும் பெரியவர்களைக் கேளுங்கள்; மடையான், உண்ணிக்கொக்கு, நத்தைகுத்தி நாரை என்று பிரித்துச் சொல்வார்கள்.

தஞ்சாவூர்–மன்னார்குடி சாலையிலுள்ள வடுவூர் ஏரி 1999இல் பறவைகள் சரணாலயமாகவும், 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. மார்கழி, தை மாதங்களில் அங்கே சென்று, ஒரே ஒரு பறவையைத் தேர்ந்து, அது இரை தேடுவதை ஒரு காலைப்பொழுது முழுவதும் பார்த்து, கண்டதை மட்டும் எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த கூட்டத்தில் அவற்றையே வாசித்துப் பேசுவோம்.